பழைய டிராக்டர் கலப்பையின் பாட்டம்: கொல்லுப்பட்டறையிலிருந்து போல்ட் வரை

பெங்களூரைச் சுற்றியுள்ள ஆனேக்கல், சர்ஜாபுரம், ஹொசகோட்டே பக்கம் பழைய டிராக்டர் கைமாறும்போது பெரும்பாலும் ஒரு கலப்பையும் சேர்ந்தே வரும். வாங்குகிறவர் என்ஜின் சத்தத்தைக் கேட்பார், ஹைட்ராலிக் தூக்குகிறதா என்று பார்ப்பார், டயரைத் தட்டுவார். கலப்பையைப் புரட்டிப் பார்ப்பவர் அபூர்வம். முதல் மழைக்கு உழவு இறக்கும்போதுதான் அது மண்ணில் இறங்க மறுப்பது தெரியவரும். உடனே சட்டத்தின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துக் கட்டுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் கலப்பை வெல்டிங் கடைக்குப் போகும். அங்கே தேய்ந்த கொழுவின் மேல் லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டித் தருவார்கள். இரண்டு ஏக்கர் உழுவதற்குள் ஒட்டுக்குப் பக்கத்திலேயே கொழு விண்டுபோகும்.

கல் வைத்ததும் தப்பு, ஒட்டியதும் தப்பு. கலப்பையின் பாட்டம், அதாவது மண்ணை அறுத்துப் புரட்டும் அடிப்பகுதி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறிக்கொண்டே வந்த பொருள். ஒவ்வொரு காலத்துப் பாட்டத்துக்கும் உலோகம் வேறு, வளைவு வேறு, செப்பனிடும் முறையும் வேறு. நம் கையில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்தால்தான் அதை உலையில் வைப்பதா, ஒட்டுவதா, கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக்கொழு மாட்டுவதா என்று முடிவு செய்ய முடியும்.

நான்கு உறுப்பும் இரண்டு இடைவெளியும்

இரண்டு பாட்டம், மூன்று பாட்டம் என்று எண்ணுவது மண்ணைப் புரட்டும் தனித்தனி அலகுகளை. வளைபலகைக் கலப்பை, இறக்கைக் கலப்பை, எம்.பி. (மோல்டுபோர்டு) கலப்பை எல்லாம் ஒன்றுதான். கன்னடத்தில் ரெக்கெ நேகிலு. ஒரு பாட்டத்தில் முக்கியமாக நான்கு உறுப்புகள். மண்ணை அடியில் அறுப்பது கொழு. அறுத்த மண்ணைத் தூக்கிச் சுருட்டிக் கவிழ்ப்பது இறக்கை. உழாத நிலத்தின் சுவரை உராய்ந்தபடி வரும் நீளப் பட்டை லேண்ட்சைடு. இந்த மூன்றையும் பின்பக்கமிருந்து பிடித்திருக்கும் துண்டு ஃப்ராக்.

நாட்டுக்கலப்பைக்கு லேண்ட்சைடு தேவைப்படவில்லை. அது மண்ணை இருபுறமும் சமமாக விலக்கி ஆப்பு வடிவத்தில் சால் போடுகிறது, மண்ணைப் புரட்டுவதில்லை. இறக்கைக் கலப்பையோ மண் முழுவதையும் வலப்பக்கமே தள்ளுகிறது. அதே விசை கலப்பையை இடப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் லேண்ட்சைடு. பல பாட்டம் உள்ள கலப்பைகளில் முன்னாலிருப்பவற்றுக்குக் குட்டையான லேண்ட்சைடும் கடைசிப் பாட்டத்துக்கு மட்டும் நீளமானதும் இருப்பது இதனால்தான்.

கலப்பை மண்ணில் இறங்குவது எடையால் அல்ல. கொழுவின் முனை, லேண்ட்சைடின் அடிவிளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். பாட்டத்தைச் சமதளத்தில் வைத்து, லேண்ட்சைடின் அடியில் பார்த்தால் முனைக்கும் குதிகாலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். இந்த இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதுதான் கலப்பையை உள்ளே இழுக்கும் உறிஞ்சல். பக்கவாட்டிலும் இப்படி ஒன்று உண்டு: முனையிலிருந்து குதிகால் வரை லேண்ட்சைடின் பக்கத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்தால் நடுவில் 5 மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரியும். கலப்பை தன் முழு அகலத்தையும் விடாமல் பிடித்து அறுப்பதற்கு இது காரணம். 3 மில்லிமீட்டரில் ஒன்று, 5 மில்லிமீட்டரில் ஒன்று என்று இரண்டு டிரில் பிட்டை அளவுகோலாக எடுத்துக்கொண்டு போனாலே போதும். முனை மழுங்கி 3 மில்லிமீட்டர் பிட்டுகூட அடியில் நுழையவில்லை என்றால், மேலே எத்தனை கல் வைத்தாலும் கலப்பை வழுக்கிக்கொண்டுதான் போகும். கல்லின் எடை லேண்ட்சைடைத் தேய்ப்பதற்கும் டீசலைக் குடிப்பதற்கும்தான் பயன்படும்.

வார்ப்பிரும்பு, எஃகு, மூன்றடுக்கு

மரக்கலப்பைக்கு இரும்புத் தகடு அடித்துப் பயன்படுத்திய காலத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய மாற்றம் வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் ராபர்ட் ரான்சம் 1785-இல் வார்ப்பிரும்புக் கொழுவுக்குக் காப்புரிமை பெற்றார். அதைவிட முக்கியமானது 1803-இல் அவர் பெற்ற இன்னொரு காப்புரிமை. வார்க்கும்போது கொழுவின் அடிப்பக்கத்தை மட்டும் சட்டென்று குளிரவைத்தால் அந்தப் பக்கம் கண்ணாடி போல இறுகிவிடுகிறது, மேல்பக்கம் மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே இருக்கிறது. உழும்போது மேல்பக்கம் சீக்கிரம் தேய, இறுகிய அடிப்பக்கம் மெல்லிய விளிம்பாக நீட்டிக்கொண்டே இருக்கும். தீட்டாமலே கூர்மை நிற்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி இறுகியிருந்தால் விளிம்பு உருண்டு மழுங்கிப் போகும். இன்று ஹார்டுஃபேசிங், அதாவது விளிம்பின் மேல் கடின உலோகத்தை வெல்டிங்கில் பூசும் வேலை, செய்யும் வெல்டர் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதே சூத்திரம்தான்.

அமெரிக்காவில் சார்லஸ் நியூபோல்ட் 1797-இல் ஒரே வார்ப்பாகக் கலப்பை செய்து காப்புரிமை வாங்கினார். இரும்பு மண்ணில் பட்டால் நிலம் நஞ்சாகிவிடும் என்று விவசாயிகள் அதை ஒதுக்கினார்கள். 1903-இல் லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் தன் முதல் இரும்புக் கலப்பையை விற்க வந்தபோது மராத்தி விவசாயிகளும் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். நியூபோல்டின் கலப்பையில் உண்மையான கோளாறு வேறு: ஒரே வார்ப்பு என்பதால் முனை உடைந்தால் கலப்பையே போயிற்று. 1819-இல் ஜெத்ரோ வுட் கொழு, இறக்கை, லேண்ட்சைடு மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்தார். அதற்குப் பின் முனை உடைந்ததற்காகக் கலப்பையையே தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை.

வார்ப்பிரும்பு சரளை மண்ணில் நன்றாக உழைத்தது. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டும் கரிய மண்ணில் தோற்றது. மண் இறக்கையில் அப்பிக்கொள்ளும். உழவர் அடிக்கடி நின்று கட்டையால் சுரண்ட வேண்டியிருந்தது. 1833-இல் ஜான் லேன் என்ற கொல்லர் ரம்பத் தகட்டை வெட்டிக் கலப்பையில் பொருத்திப் பார்த்தார். 1837-இல் ஜான் டியர், உடைந்த ஆலை ரம்பத்திலிருந்து வளைத்து மெருகேற்றிய எஃகுக் கலப்பையைச் செய்தார். மண் வழுக்கிக்கொண்டு விழுந்தது. எஃகு மெருகு ஏறும், வார்ப்பிரும்பில் நுண்துளைகள் இருக்கும்: வேறுபாடு அவ்வளவுதான். இறக்கை கண்ணாடி போலப் பளபளத்தால் மண் ஒட்டாது. ஒரு மழைக்காலம் வெளியே கிடந்து துரு பிடித்து அரித்த இறக்கையில் ஒட்டும். உழவு முடிந்த அன்றே இறக்கையைத் துடைத்துப் பழைய ஆயில் அல்லது கிரீஸ் பூச வேண்டும் என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வது இதற்காகத்தான்.

எஃகிலும் ஒரு சிக்கல் இருந்தது. நன்றாக இறுகினால் நொறுங்கும். நொறுங்காமல் செய்தால் சீக்கிரம் தேயும். 1868-இல் ஜான் லேனின் மகன் மூன்றடுக்கு எஃகுக்குக் காப்புரிமை பெற்றார். வெளி அடுக்கு இரண்டும் கார்பன் மிகுந்த கடின எஃகு, நடு அடுக்கு மென்மையான எஃகு. கல்லில் மோதினால் நடு அடுக்கு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; தேய்மானத்தை வெளி அடுக்கு தாங்கும். டிராக்டர் காலத்து நல்ல இறக்கைகள் பலவும் இந்த வகை. அதே காலத்தில் ஜேம்ஸ் ஆலிவர், சவுத் பெண்ட் நகரில், வார்க்கும்போதே சட்டென்று குளிரவைத்து இறுக்கும் குளிர்வார்ப்பு முறையைச் சீராக்கினார். வார்ப்பு அச்சின் இரும்புப் பகுதிக்குள் வெந்நீரை ஓடவிட்டுக் குளிரும் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். அதனால் இறுகிய மேற்பரப்பு வெடிப்பில்லாமல் கிடைத்தது. சரளை நிலத்துக்கு ஆலிவரின் குளிர்வார்ப்பு, ஒட்டும் நிலத்துக்கு எஃகு என்று சந்தை பிரிந்தது.

டிராக்டர் வந்தபோது மாறியது வேகம்

முதல் டிராக்டர்களுக்குப் பாட்டம் புதிதாகச் செய்யப்படவில்லை. குதிரைக் கலப்பையின் பாட்டங்களையே வரிசையாகக் கோத்தார்கள். 1911-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 50 பாட்டம் கொண்ட ஆலிவர் கலப்பையை மூன்று ரூம்லி ஆயில்புல் டிராக்டர்கள் சேர்ந்து இழுத்துக் காட்டின. காட்சிக்குப் பெரிய விஷயம். ஆனால் பாட்டத்தின் வடிவில் புதுமை எதுவும் இல்லை.

முதலில் மாறியது கொழுவின் வெளி நுனி. பின்னால் நடந்து பிடித்து ஓட்டும் கலப்பையில், கொழுவின் இறக்கைப் பக்க நுனி தட்டையாகத் தரையில் அமர வேண்டும். இல்லாவிட்டால் கலப்பை ஒருபக்கம் சாய்ந்துவிடும். சக்கரமும் சட்டமும் தாங்கும் டிராக்டர் கலப்பைக்கு அந்தத் தட்டைப் பகுதி தேவையில்லை. இருந்தால் வீண் உராய்வு. மாட்டுக் கலப்பையின் கொழு கிடைக்கிறது, துளையும் பொருந்துகிறது என்று டிராக்டர் பாட்டத்தில் மாட்டினால் கலப்பையின் வெளிப்பக்கம் மேலே எழும்புவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது வேகம். குதிரை உழவு மணிக்கு 4 கிலோமீட்டருக்குள்தான். இரும்புச் சக்கர டிராக்டர்களும் அதைவிட அதிகம் போகவில்லை. 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் தன் யு மாடல் டிராக்டரைக் காற்றடைத்த ரப்பர் டயரோடு விற்கத் தொடங்கியது. 6 கிலோமீட்டர், 7 கிலோமீட்டர் வேகத்தில் உழ முடிந்தது. அப்போதுதான் பழைய செங்குத்து இறக்கையின் குறை வெளிப்பட்டது. மெல்லப் போகும்போது அழகாகக் கவிழ்ந்த மண், வேகமாகப் போகும்போது பக்கத்துச் சால் பள்ளத்தையும் தாண்டிப் போய் விழுந்தது. மண்ணைத் தூக்கி எறியச் செலவாகும் சக்தி வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் ஏறுவதால் டிராக்டரும் திணறியது. அதனால் நீளமான, தாழ்ந்த, மெல்லத் திரும்பும் வளைவுள்ள வேக இறக்கைகள் வந்தன.

நம் ஊர் வேலைக்கு இது இன்றும் பொருந்தும். குட்டையாகவும் நெட்டுக்குத்தாகவும் எழும் இறக்கை மெல்லப் போகும் பழைய வடிவம்; 4 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டினால் கட்டிகளை நன்றாக உடைக்கும். நீளமாகச் சாய்ந்து போகும் இறக்கையை மெதுவாக ஓட்டினால் மண் பாதி புரண்டு மறுபடி சாலிலேயே சரியும். கலப்பை சரியில்லை என்று குறை சொல்வதற்கு முன் ஒரு கியர் மாற்றிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது மாற்றம் கலப்பை டிராக்டரோடு சேர்ந்த விதம். பின்னால் சங்கிலி போட்டு இழுத்த கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டினால், ஃபோர்ட்சன் போன்ற லேசான டிராக்டர் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்தது. ஹாரி ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்தார். இழுவிசை கூடினால் ஹைட்ராலிக் தானே கலப்பையைச் சற்றுத் தூக்கும் கட்டுப்பாட்டுக்கு 1926-இல் காப்புரிமை பெற்றார். 1936-இல் ஃபெர்குசன்-பிரவுன், 1939-இல் ஃபோர்டு 9என், 1946-இல் டிஇ20 என்று அது பரவியது. சென்னையில் டாஃபே செய்த மாஸி ஃபெர்குசன் 1035-ம் அந்த வம்சமே. இந்த இணைப்பில் கலப்பையின் எடையும் மண்ணின் அழுத்தமும் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் போகின்றன. லேண்ட்சைடின் அடியில் இருந்த சுமை குறைந்தது. கலப்பைச் சட்டமும் லேசானது.

கொல்லர் இல்லாத ஊருக்கு வந்த கொழு

அதுவரை கொழு மழுங்கினால் கொல்லுப்பட்டறைக்குப் போகும். உலையில் பழுக்கக் காய்ச்சி, விளிம்பை அடித்து நீட்டி, முனையைக் கீழே வளைத்து உறிஞ்சலைத் திரும்பக் கொண்டுவந்து, தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்துத் தருவார்கள். ஒரு கொழுவை இப்படிப் பல முறை காய்ச்சலாம். அதற்காகவே அந்தக் கொழுக்கள் கனமாக, முனையில் கூடுதல் இரும்போடு வந்தன. பட்டறையில் போட்ட வேலைக்குத் தகுந்தாற்போல ஒவ்வொரு கொழுவும் வேறு வேறு வடிவத்துக்கு வந்துவிடும். இரண்டு பாட்டத்தில் ஒன்று ஆழமாகவும் மற்றொன்று மேலோட்டமாகவும் உழுவது அந்தக் காலத்து வாடிக்கையான புகார்.

குதிரைகள் போனதும் லாடம் அடிக்கும் வேலை போனது, அதோடு அமெரிக்க ஊர்களில் கொல்லர்களும் குறைந்தார்கள். 1940-களில் மாற்றுக்கொழு பரவியது. ஆலிவரின் ரேடெக்ஸ் அந்த வகையில் பேர் பெற்றது. சீரான கனமுள்ள எஃகுப் பட்டையிலிருந்து வெட்டிய லேசான கொழு. தேய்ந்தால் வயலிலேயே போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். எல்லாக் கொழுவும் ஒரே வடிவம் என்பதால் உறிஞ்சலும் ஒரே அளவில் கிடைத்தது. கொல்லரின் கைத்திறனில் இருந்த அளவு, தொழிற்சாலையின் அச்சுக்குள் போய்விட்டது. இதில் ஒரு ஆபத்து உண்டு. மாற்றுக்கொழுவில் காய்ச்சி நீட்ட இரும்பு கிடையாது. இன்னும் ஒரு ஏக்கர் ஓட்டலாம் என்று இழுத்துக்கொண்டே போனால் மண் ஃப்ராகையே அரிக்கத் தொடங்கும். கொழு நுகர்பொருள், ஃப்ராக் அப்படியல்ல. அதன் இருக்கை தேய்ந்துவிட்டால் அப்புறம் எந்தப் புதுக்கொழுவும் ஒழுங்காக உட்காராது.

இந்தியாவில் வேறொரு வழி நிலைத்தது. நம் டிராக்டர் கலப்பைகள் பலவற்றில் கொழுவின் முனையாகத் தனியாக ஒரு எஃகுக் கம்பி செருகியிருக்கும். முனை தேய்ந்தால் பின்னாலிருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கம்பியை முன்னே தள்ளி இறுக்கலாம். இறுக்கமான, கல் கலந்த நிலத்தில் முதலில் தேய்வது முனைதான் என்பதால் இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. வெளிநாட்டு மாற்றுக்கொழுவைவிடச் செம்மண்ணுக்கு இது நல்லது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்தக் கம்பி நல்ல கார்பன் எஃகாக இருக்க வேண்டும். கட்டடக் கம்பியை வெட்டிச் செருகினால் அரை நாளில் மொட்டையாகும்.

சட்டிக் கலப்பைக்கும் ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் நம் விவசாயிகள் அதிகம் பழகியது, கொழு, உறிஞ்சல் என்ற இந்தக் கவலையே அவற்றில் குறைவு என்பதால். ஆனால் களையை வேரோடு கவிழ்த்துப் புதைக்கும் வேலையை இறக்கைக் கலப்பை போல இரண்டுமே செய்யாது.

செம்மண் கேட்கும் கணக்கு

லால்பாக் பாறையில் ஏறி நின்றவர்களுக்குப் பெங்களூர் மண்ணின் தாய்ப்பாறை தெரியும். அந்த நைஸ் பாறை சிதைந்துதான் சுற்றுவட்டாரச் செம்மண் ஆனது. அதில் குவார்ட்ஸ் துணுக்கு நிறைய. குவார்ட்ஸ் இறுகிய எஃகைவிடவும் கடினம். அதனால் இங்கே மண் இறக்கையில் ஒட்டுவது பெரிய பிரச்சினை இல்லை, தேய்மானம்தான் பிரச்சினை. ஏரி வண்டல் கொட்டிய நிலத்தில் கதை தலைகீழ்: அங்கே ஒட்டும். அத்தகைய நிலத்துக்கு இடைவெளி விட்டுப் பட்டைகளாகச் செய்த இறக்கை உண்டு. பரப்பு குறைந்தால் மீதிப் பரப்பில் அழுத்தம் கூடி, மண் தன்னைத் தானே துடைத்துக்கொண்டு போகும்.

இழுவிசைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடலாம். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு பாட்டம், 20 சென்டிமீட்டர் ஆழம்: வெட்டுப்பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். பதமான ஈரத்தில் இருக்கும் நடுத்தர மண்ணுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ என்று வைத்தால் இழுவிசை 600 கிலோ. மணிக்கு 4 கிலோமீட்டரில் இழுக்க ஏறக்குறைய 9 குதிரைத்திறன் கொக்கியில் வேண்டும். அதே மண் காய்ந்து இறுகி ஒரு கிலோ கேட்டால் 18 குதிரைத்திறன். 35 குதிரைத்திறன் டிராக்டர் காய்ந்த செம்மண்ணில் சக்கரம் வழுக்கி நிற்பதில் ஆச்சரியமில்லை. ஏப்ரல், மே மழை இரண்டு விழுந்து, கையில் பிடித்த மண் உருண்டையாகி, விரலால் அழுத்தினால் உதிரும் பதத்தில் உழுதால் பாதி டீசலில் வேலை முடியும்.

அகல உழுவதை விட ஆழ உழு என்ற பழமொழி நாட்டுக்கலப்பை காலத்தில் பிறந்தது. அந்தக் கலப்பை விரல் நீளத்துக்குமேல் இறங்குவதே பெரிய பாடு. டிராக்டர் பாட்டத்தை 25, 30 சென்டிமீட்டர் இறக்கினால் இங்கே பல நிலங்களில் அடியிலிருக்கும் சரளை மேலே வந்துவிடும். ராகிக்கும் அவரைக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் தாராளம்.

உலோகத்தை அறிந்து கைவைப்பது

முதலில் கம்பி பிரஷ்ஷால் இறக்கையின் பின்பக்கத்தையும் ஃப்ராகையும் தேய்க்க வேண்டும். பெயிண்டுக்கும் மண்ணுக்கும் அடியில் எழுத்தும் எண்ணும் புடைத்திருந்தால் அது எந்த நிறுவனத்து எந்த அளவுப் பாட்டம் என்பதை அதுவே சொல்லும். பழைய இறக்குமதிக் கலப்பையில் 10, 12, 14 என்றிருந்தால் பெரும்பாலும் அகலத்தின் அங்குலம்.

அடுத்து கொழுவின் விளிம்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் வார்ப்பிரும்பு. உடைந்த இடத்தில் ஓரம் வெள்ளையாகவும் உள்ளே சாம்பல் நிறமாகவும் இருந்தால் குளிர்வார்ப்பு என்பது உறுதி. பின்பக்கம் மணல் அச்சின் சொரசொரப்பு இருக்கும். சுத்தியால் தட்டினால் மந்தமான சத்தம். கிரைண்டரில் பிடித்தால் பொறி சிவப்பாக, குட்டையாக விழும். விளிம்பு மடிந்தோ சுருண்டோ இருந்தால் எஃகு. கார்பன் மிகுந்த எஃகில் பொறி வெள்ளையாக, பூப்பூவாக வெடிக்கும். விளிம்பை மெல்லத் தீட்டிக் குறுக்கே பார்த்தால் மூன்று கோடுகளாக அடுக்குத் தெரிந்தால் அது மூன்றடுக்கு எஃகு. வெளி அடுக்கில் பூப்பூவாக வந்த பொறி, நடு அடுக்கைத் தொட்டதும் நீளக் கோடாக, வெடிப்பு அதிகமில்லாமல் போகும்.

குளிர்வார்ப்புக் கொழுவை உலையில் வைக்கவே கூடாது. சூட்டில் அதன் கடினம் போய்விடும், அடித்தால் உடையும். மேல்பக்கத்தை மட்டும் கல்லில் தீட்டலாம், தேய்ந்து முடிந்தால் மாற்ற வேண்டும். முழு எஃகுக் கொழுவை விளிம்பு மட்டும் செந்நிறமாகும்வரை காய்ச்சி மேலிருந்து அடித்து நீட்டலாம். வெள்ளைச் சூடு ஏற்றினால் கார்பன் எரிந்து விளிம்பு புழுத்துப் போகும். நீட்டியபின் டிரில் பிட்டை வைத்து உறிஞ்சலைப் பார்த்துவிட்டுத்தான் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். தோய்த்தபின் வளைத்தால் விண்டுவிடும். மூன்றடுக்கு இறக்கையைக் கேஸ் கட்டரால் சூடேற்றுவது அதைக் கெடுக்கும் குறுக்குவழி. நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய், அங்கே முதலில் பள்ளம் விழும்.

லாரிப் பட்டையை ஒட்டியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒழுங்கான முறை இருக்கிறது. பட்டை எஃகிலும் கொழுவிலும் கார்பன் அதிகம். குளிர்ந்த இரும்பில் வெல்டிங் போட்டால் ஒட்டுக்குப் பக்கத்துப் பகுதி சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாகிறது. வெடிப்பு அங்கேதான் வருகிறது. இரண்டு துண்டையும் 200 முதல் 250 டிகிரிக்குச் சூடாக்கி, உலர்த்திவைத்த 7018 வெல்டிங் ராடால் ஒட்டி, சாம்பலுக்குள்ளோ சுண்ணாம்புத் தூளுக்குள்ளோ புதைத்து இரவெல்லாம் மெல்ல ஆறவிட வேண்டும். ஹார்டுஃபேசிங் போடுவதானால் ரான்சம் செய்தது போல விளிம்பின் அடிப்பக்கம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் போதும். இரு பக்கமும் போட்டால் கூர்மை போகும்.

கொழுவும் இறக்கையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இறக்கையின் விளிம்பு கொழுவைவிட மேலே துருத்தியிருந்தால் மண் அங்கே தட்டி அப்பிக்கொள்ளும். கலப்பை போல்ட்டின் தலை சாய்ந்து உள்ளே அமரும் வகை, கழுத்து சதுரம். பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டில் பழைய போல்ட்டைக் காட்டிக் கேட்டால் கிடைக்கும். சாதா போல்ட்டைப் போட்டால் தலை துருத்தி நின்று ஒரே நாளில் தேய்ந்து, பிறகு கழற்றவும் வராது. பாறை தட்டும் நிலத்தில் ஷியர் போல்ட்டுக்கு மாற்றாக ஹைடென்சைல் போல்ட் போடும் வழக்கம் நிறைய இருக்கிறது. உடைய வேண்டிய போல்ட் உடையாவிட்டால் வளைவது கலப்பையின் தண்டு. வளைந்த தண்டை நிமிர்த்தியபின் அந்தப் பாட்டம் மற்றவற்றோடு ஒரே ஆழத்தில் ஓடுவது அரிது.

பாட்டம் சரியானபின் பூட்டும் முறை. 15 சென்டிமீட்டர் ஆழம் உழ வேண்டுமானால், சமதளத்தில் டிராக்டரின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் 13 சென்டிமீட்டர் உயரக் கட்டைகளை வைத்து ஏற்ற வேண்டும். வயலில் வலச்சக்கரம் சாலுக்குள் ஓடும் நிலை இது. இரண்டு சென்டிமீட்டர் குறைத்தது டயர் மண்ணில் அமுங்குவதற்காக. கலப்பையை இறக்கி, வலது தூக்குக் கம்பியைத் திருகி, சட்டம் இடவலமாகத் தரைக்கு இணையாக வரும்படி செய்ய வேண்டும். பிறகு டாப் லிங்க், அதாவது டிராக்டரையும் கலப்பையையும் மேலே இணைக்கும் கம்பி. அதைக் குறுக்கினால் முனை கீழே குத்தும், நீட்டினால் குதிகால் அழுந்தும். எல்லா முனைகளும் லேண்ட்சைடின் குதிகாலும் தரையைத் தொடும் நிலையில் தொடங்கி, வயலில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை டாப் லிங்க்கை அரைத் திருகு வீதம் மாற்றிப் பார்க்கலாம். வட்டக் கத்தி இருந்தால் அது கொழுமுனைக்கு மேலே, நிலப்பக்கமாக ஒன்றேகால் சென்டிமீட்டர் தள்ளி ஓட வேண்டும். அப்போதுதான் சாலின் சுவர் வெட்டியது போல நிற்கும்.

இரண்டு சால் ஓட்டியபின் இறங்கி நின்று பார்த்தால் மிச்சம் தெரியும். இரண்டு பாட்டம் போட்ட மண்மேடும் ஒரே உயரத்தில் இருந்தால் சரி. முதல் மேடு மட்டும் உயர்ந்திருந்தால் முன்பாட்டம் ஆழமாகவோ அகலமாகவோ எடுக்கிறது. சால் சுவரில் லேண்ட்சைடின் குதிகால் தடம் மட்டும் லேசாகப் பதிந்திருக்க வேண்டும். லேண்ட்சைடு முழு நீளத்துக்கும் சுவரில் உராய்ந்து பளபளத்தால் பக்க உறிஞ்சல் போய்விட்டது, கொழுவைக் கழற்றி மறுபடி பிட்டை வைத்துப் பார்க்க வேண்டும்.